மூன்று லட்சம் பேர் பார்த்த என் வரி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. உன்னதமான வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை.

முதல் தொடக்கம்: “கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்கு நடுவே மருதையன் நின்றுகொண்…”

(வேண்டாம். அது பழைய கதை. வினையே அங்கிருந்துதான்.)

2

பழைய கதை இதுதான். பேராவூரணிப் பக்கம் புயலில் தோப்பை இழந்த மருதையன் என்று ஒருவனைப் படைத்தேன். பக்கத்துத் தோப்பில் மரங்கள் தப்பி நிற்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. தேங்காய் விலையும் விழுகிறது. டீக்கடையில் உட்கார்ந்து அவிழ்த்துவிடுகிறான்: “யூதனுங்க பன்னெண்டு பேரு ஒரு ரூமுல உக்காந்து நம்ம காய்க்கு வெலை வைக்கிறானுங்கய்யா.” அது தன் வயிற்றெரிச்சல் கட்டிய கதை என்று கடைசிப் பத்தியில் அவனே ஒப்புக்கொள்வான். சிறுபத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் இருபத்தேழு பேர்.*

(*என் மனைவியையும் சேர்த்து. அவள் பாதியில் தூங்கிவிட்டாள்.)

என்னோடு பள்ளியில் படித்த வசந்தகுமார் யூடியூப் சேனல் நடத்துகிறான். மருதையனை வெட்டினான், கடைசிப் பத்தியை வெட்டினான். அந்த ஒரு வரியை மட்டும் “மறைக்கப்பட்ட உண்மை” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அந்த ரூமில் எத்தனை பேர் என்று ஏழு போட்டு அடித்து, இருபது போட்டு அடித்து, பன்னிரண்டைக் கண்டுபிடித்தவன் நான். பெயர் அவனுக்கு.

3

பூமிகா, எங்கள் தெருவுக்கு மீன் விற்க வரும் காளியம்மாளின் மகள். இஸ்ரேலில், ஹைஃபாவில், ஒரு யூத மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவளைச் சாந்தமானவளாக எழுதப் பார்த்தேன், ஒத்துழைக்கவில்லை. போனில் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“அண்ணே, அந்தப் பன்னெண்டு பேரு கதை நீங்க எழுதினதுதானே? அனுப்பி வச்சீங்க, படிச்சிருக்கேன்.”

(இருபத்தேழில் ஒருத்தி! பூரித்துப்போனேன். வெட்கக்கேடு.)

“ஆமாம்மா. நல்லாருந்துச்சா?”

“அந்த வீடியோ வந்ததுலேருந்து எங்கம்மாகிட்ட யாரும் மீன் வாங்க மாட்டேங்கிறாங்கண்ணே. நம்மள அழிக்கிறவன் வீட்டுல ஒன் மக வேலை பாக்குறாளான்னு கேக்குறாங்களாம். வந்துருடின்னு அம்மா அழுவுது. ஒலகத்தையே ஆட்டி வைக்கிறாங்களாமே? நான் பாத்துக்கிற பாட்டியம்மாவுக்கு மாத்திரை டப்பா மூடியத் தொறக்க முடியல. பொய்யின்னு அந்த வீடியோவுக்குக் கீழயே எழுதிடுங்கண்ணே.”

எழுதுகிறேன் என்றேன். ஒன்பது நாள் ஆகிறது.

4

பெரிய பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பி அனுப்பும்போதெல்லாம், ஆசிரியர்கள் கூடிப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவன் நான். மருதையனுக்கு அந்த அறையைக் கொடுத்தது என் புழுக்கம்தான். அதற்குள் உட்கார வைக்க, நான் ஒருநாளும் பார்த்திராத மக்களைப் பிடித்தேன். எதிர்த்துக் கேட்க நம் ஊரில் ஆள் இல்லை என்ற தைரியம்.

5

முடிவுகள்.

அ) பெயர் போடாமல் “இது பொய்” என்று எழுதுகிறேன். ஒருவரும் நம்பவில்லை.

ஆ) “அந்த அற்புதமான வரியை எழுதியது நா…” (அடித்துவிட்டேன். இது மறுப்பா, பட்டா கேட்டு மனுவா?)

இ) “இது பொய். கட்டியவன் நான்.” கீழே என் பெயர், ஊர்.

மூன்றாவதைத்தான் இப்போது போனில் அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் எண்ணிக்கையைப் பார்த்தேன். நான்கு லட்சத்து எண்பதாயிரம். இரண்டு நாள் பொறுத்தால் ஐந்து லட்சம் பேர் என் பெயரைப் படிப்பார்களே என்று மனசு கணக்குப் போடுகிறது.

வெளியே காளியம்மாள் குரல் கொடுத்துக்கொண்டே போகிறாள். எந்த வாசலிலும் கூடை இறங்கவில்லை.

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். நீங்களே அழுத்திவிடுங்கள். என்னை நம்பாதீர்கள்.