சீவிய தோட்டா

இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய். வீரையா தன் முதலாளி தங்கசாமிக்கு இன்னும் அடைக்க வேண்டிய பாக்கி அவ்வளவு. தங்கசாமி ராமநாதபுரத்தில் காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி நடத்துகிறவர். கம்போடு நிற்கிறவனுக்கு ஏழாயிரம், துப்பாக்கியோடு நிற்கிறவனுக்குப் பன்னிரண்டாயிரம் என்று ஆசை காட்டி, லைசென்சுக்கு அலைந்து, ஒரு பழைய துப்பாக்கியையும் கடனாக அவன் தலையில் கட்டினார். மாதம் ஆயிரத்து இருநூறு பிடித்தம். நயினார்கோவில் பக்கம் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த வீரையா இரண்டரை வருஷமாக ஒரு நகைக்கடன் கடை வாசலில் கால் கடுக்க நின்றான். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

நகைக்கடன் கம்பெனி இந்த வருஷம் முதல்முறையாகச் சோதனை வைத்தது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்த பொன்னுச்சாமி வந்திருந்தார். துப்பாக்கி தேறாவிட்டால் வேலை போகும். கடன் மட்டும் நிற்கும்.

"தோட்டாவைக் குடுப்பா."

வீரையா இடுப்பு வாரிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். பொன்னுச்சாமி அதை வெளிச்சத்தில் உருட்டினார். பித்தளையில் அரத்தின் கோடுகள் மின்னின.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க?"

"உள்ள போகமாட்டேன்னுச்சுண்ணே. மயிரிழைதான் பெருசு. கொஞ்சம் ராவிவிட்டேன்."

"ராவினியா?"

"மம்பட்டிக் காம்பு கண்ணுக்குள்ள போகலைன்னா சீவித்தானண்ணே மாட்டுவோம்."

"எத்தனை சீவின?"

"அஞ்சையும்தான். ஒருநாள் லீவு போட்டு."

பொன்னுச்சாமி தோட்டாவை மேசையில் மெல்ல வைத்தார். "சுட்டிருந்தா ராவின இடம் கிழிஞ்சு மூஞ்சியில அடிச்சிருக்கும். பொண்டாட்டிக்கு ஒன்னை அடையாளம் தெரிஞ்சிருக்காது."

"இப்பவே பாதி நாள் தெரியலண்ணே. வீட்டுல எங்க இருக்கேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "தோட்டாப் பெட்டியில அளவு நானூத்திப்பத்துன்னு போட்டிருக்கு. லைசென்ஸ்லயும் அதேதான்."

"நம்பர் ஒண்ணுதான், உடம்பு வேற. இந்தத் துப்பாக்கி மொதல்ல பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ. வெள்ளைக்காரன் நம்மாளு போலீசுக்குக் குடுக்கையில குழலுக்குள்ள இருந்த சுருள் வரியை வழிச்சு எடுத்து அகலமாக்கிட்டான். மேகசின்ல கட்டையை அடைச்சு ஒத்தைக் குண்டாக்கினான். தோட்டாவும் இதுக்குன்னு தனியா, ஒல்லியாச் செஞ்சான். அது போலீசுக்குத்தான் வரும். கடையில விக்கிறது வேட்டைத் தோட்டா, தடிச்சது."

"ஏண்ணே அப்படிப் பண்ணினான்?"

"முன்ன ஒருக்கா சிப்பாய்க எதுத்து நின்னதை அவன் மறக்கல. காவலுக்கு ஆளும் வேணும், அந்த ஆளு தூரமாச் சுட்டுறவும் கூடாது. பட்டாளத்துத் தோட்டாவைக் களவாண்டாலும் இதுல போட முடியாது."

"அப்ப இதுக்குத் தோட்டா எங்கன கிடைக்கும்?"

"ஒனக்குக் கிடைக்காது." பொன்னுச்சாமி படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதினார்.

அன்றைக்கே வீரையா துப்பாக்கியோடு தங்கசாமி முன்னால் போய் நின்றான்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா முதலாளி?"

"வாசல்ல நிக்கத்தானடா குடுத்தேன். சுடவா குடுத்தேன்?"

கம்பெனியிலிருந்து போனில் எல்லாம் கேட்டு, அவர் ஏற்கனவே ஒரு தாள் தயாராக வைத்திருந்தார். ஏஜென்சியையே கம்பெனி கழற்றிவிடும் என்ற பயம் அவருக்கு. வீரையா விரல் வைத்து வாசித்தான். துப்பாக்கி நல்ல நிலையில் தரப்பட்டது. தோட்டாக்களை நானே அரத்தால் ராவிக் கெடுத்தேன். வேலையிலிருந்து விலகித் துப்பாக்கியைத் திருப்பித் தருகிறேன்.

நடு வரி மட்டும் நிஜம். அதை எங்கே கொண்டுபோய் மறுப்பது?

"முப்பத்தாறாயிரம் கட்டியிருக்கேன் முதலாளி."

"இல்லைன்னா சொன்னேன்? கையெழுத்துப் போட்டா பாக்கியைத் தள்ளிருறேன். போடலைன்னா நாளையிலிருந்து வட்டி. வரப்பு வெட்டி அடைச்சுருவியா?"

வீரையா தன் கைகளைப் பார்த்தான். வாசலில் நின்ற இரண்டரை வருஷத்தில் காய்ப்பு உரிந்து மெத்தென்று ஆகியிருந்தன. மறுபடி மண்வெட்டி பிடித்தால் முதல் வாரமே கொப்புளிக்கும்.

போட்டான். தங்கசாமி நோட்டைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே இருந்த தொகையின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"சரியாப் போச்சா?"

"சரியாப் போச்சு முதலாளி."