சவரிமுத்துவின் சாட்சியம்

இருள் பிரியுமுன் பால்வெட்டுக்காரர்கள் ரப்பர் மலையில் ஏறிவிட்டார்கள். கீழே பால் பதனிடும் ஸ்டோரில் சவரிமுத்து எஞ்சினைக் கிளப்பினான். உறைந்த ரப்பர் பால் தட்டுகளில் வெள்ளைக் கட்டிகளாகக் கிடந்தது. ஒன்றைத் தூக்கி ரோலருக்குள் கொடுத்தான். மறுபக்கம் ஓடிப்போய் வழிந்த தகட்டைப் பிடித்தான். அமில நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு பேர் செய்யும் வேலை. அவனோடு நிற்க யாரும் சம்மதிக்கவில்லை.

1961 மாசியில், அதுவரை அவனோடு நின்ற இராஜகுமாரியின் வலது கை அந்த ரோலருக்குள் போனது. எஞ்சினை நிறுத்தும் தடி முறிந்து அப்போதே மூன்று மாதம். முதலாளிக்குத் தெரியும். ஒரு கட்டையால் எஞ்சினின் தோல்வாரைத் தள்ளிக் கழற்றியிருக்கலாம். சவரிமுத்து கசிப்புச் சாராயம் குடித்திருந்தான். கட்டை கைக்கு அகப்பட நேரமானது. மணிக்கட்டோடு போயிற்று.

மறுநாளே புதுத் தடி பூட்டினார்கள். தடி நன்றாகத்தான் இருந்தது, பேச்சுப் பராக்கில் கையைக் கொடுத்துவிட்டாள் என்று எழுதிய தாளில் சவரிமுத்து கையெழுத்து வைத்தான். வைக்காவிட்டால் குடித்ததற்கு ஜெயில் என்றார் முதலாளி. இராஜகுமாரிக்கு நட்டஈடு கிடையாது என்றாயிற்று. வேலை செய்ய முடியாதவள் லயத்தில் குடியிருக்கும் காம்பராவையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். புருசன் செத்தவள். போக இடமில்லை.

தோட்டத்து வேதக் கோயிலுக்கு மாத்தளையிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் வாசிப்பது சவரிமுத்து. அங்குள்ள வேதக்காரர்களில் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கையெழுத்து வைத்த பிறகு யாரும் வரவில்லை. வெற்றுப் பெஞ்சுகளுக்கு வாசித்தான். ஆமெனையும் அவனே சொன்னான்.

ஆறாவது வாரம் இராஜகுமாரி வந்தாள். மொட்டைக் கையை முந்தானையில் சுற்றியிருந்தாள். அவன் செபப் புத்தகத்தை மூடினான்.

"வாசிங்க."

"என்னத்துக்கு வந்த?"

"ஒங்களப் பாக்க வரல. இன்னைக்கு எம் புருசன் செத்த நாளு. அவருக்கு ஒரு செபம் வேணும்."

"நான் வாசிச்சா ஆண்டவருக்குக் கேக்குமா?"

"அது அவரு பாடு. கசிப்பு நாத்தம் அடிச்சாலும் இங்க வேற வாய் இல்ல."

வாசித்தான். அவள் ஆமென் சொன்னாள். எழுந்து வாசல்வரை போய் நின்றாள்.

"நாளைக்கு எம் மனுவ விசாரிக்க லேபர் கந்தோர் ஐயா வர்றாரு. தடி முறிஞ்சு கெடந்தது, மொதலாளிய விட்டா, ஸ்டோர்ல நின்ன நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் ஒருத்தி சொன்னா எடுக்க மாட்டாங்க."

படியிறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை முதலாளியின் மேசைக்கு முன் தொழிலாளர் அலுவலக அதிகாரி உட்கார்ந்திருந்தார். வெளியே ஜன்னலை ஒட்டி ஆட்கள்.

"தடி முறிஞ்சிருந்துச்சுங்க. மூணு மாசமா. நான் கையெழுத்து வச்சது பொய்" என்றான் சவரிமுத்து. "அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன். அதுவும் நெசம்."

முதலாளி சிரித்தார். "கேட்டீங்களா? குடிகாரப் பய. இவன் பேச்சையா எழுதப் போறீங்க?"

"குடிச்சதையும் எழுதிக்குங்க ஐயா. ரெண்டையும் எழுதுங்க."

அதிகாரி எழுதினார். இன்னொரு விசாரணை வேண்டும், நாள் பிறகு அறிவிப்போம் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கண்மறைந்ததும் முதலாளி கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். "நாளையிலருந்து இவனுக்குப் பேர் இல்ல, வேலை இல்ல. அந்த இராஜகுமாரி சாமானையும் எடுத்து வெளிய போட்டுக் காம்பராவைப் பூட்டு."

மறுநாள் விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் சவரிமுத்து நின்றான். கணக்கப்பிள்ளை பெயர்களை வாசித்தார். அவன் பெயர் வரவில்லை.

"காளிமுத்து."

காளிமுத்து இராஜகுமாரியின் பக்கத்துக் காம்பராக்காரன். ஆறு வாரமாகச் சவரிமுத்துவைக் கண்டால் காறித் துப்புகிறவன். பால்வாளியைக் கீழே வைத்தான்.

"இருக்கேங்க. மலைக்குப் போகல."

"என்னடா?"

"அந்தப் பொம்பளை காம்பராவைத் தொறங்க. இந்த ஆளுக்கும் பேர் போடுங்க. அப்பறம் போறோம்."

"இவனுக்காகவா? நேத்து வரைக்கும் துப்பினியேடா?"

"இன்னைக்கும் துப்புவேன். அது எங்களுக்குள்ள."

யாரோ சிரித்தார்கள். இன்னொரு வாளி தரையில் தட்டியது. பிறகு இன்னொன்று. பெண்கள் பக்கத்திலும் வைத்தார்கள்.

சவரிமுத்துவின் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. அவனைப் போகச் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறினால் மரத்தில் பால் இறங்காது. கணக்கப்பிள்ளை முதலாளியின் பங்களாவுக்கு ஆள் அனுப்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை.