குச்சவெளிக் களப்பில் என் தலையில் நின்ற நாரை

குச்சவெளிக் களப்பில் ஒரு சாம்பல் நாரை என் தலையில் ஏறி நின்று மீன் பிடித்தது. பிடித்த மீனை அங்கேயே நின்று விழுங்கியது. விழுங்கியபின் அலகை என் காதில் துடைத்துக்கொண்டு, போயிட்டு வாறேன் என்று ஒரு சொல் சொல்லாமல் பறந்து போனது.

இதை நான் சொல்லத் தொடங்கிய இடத்திலெல்லாம் ஆட்கள் வேறு கதை எடுத்துவிடுவார்கள். என் மனைவி ஸுல்பிகா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல ஏலாது. நான் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கராக இருந்த நாளில், ஒரு சுறா நங்கூரத்தைக் கவ்விக் கப்பலையே நிலாவெளிவரை இழுத்துக்கொண்டு போனதை அவளுக்குச் சொன்னேன். அன்றோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பென்ஷன் எடுத்த பிறகு என் கதையை இருந்து கேட்க உலகத்தில் எனக்கு மிஞ்சியது ஒரே இடம், எங்கள் பறவை பார்ப்போர் சங்கம்.

சங்கம் என்றதும் பெரிய கூட்டமென்று நினைக்க வேண்டாம். நான்கு பேர். தலைவர் சரீப், சந்தையடியில் புடவைக்கடை வைத்திருந்தவர். புஷ்பவதி தந்திக் கந்தோரில் வேலை செய்தவள். கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. செயலாளர் கனகசுந்தரம் மாஸ்டர், அன்புவழிபுரத்துக்காரர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பிழையான விடையைக் கேட்டால் அவருக்கு உடம்பு கடிக்கும். நாலாவது ஆள் நான், லாபிர். நாலு பேருக்குமாக ஒரு தூரக்கண்ணாடி இருந்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு கடற்படை அதிகாரி கொடுத்துவிட்டுப் போனது. அதைக் கழுத்தில் போட முறை வைத்திருந்தோம்.

சங்கத்துக்கு ஒரு சட்டமும் இருந்தது. ஒரு பறவையையோ அது செய்த காரியத்தையோ இரண்டு பேர் கண்டால்தான் அது நடந்தது. ஒருவர் மட்டும் கண்டால் நடக்கவில்லை. இதைக் கொண்டுவந்தவர் மாஸ்டர், என்னை மனதில் வைத்துத்தான். கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற ஒருவரின் குடையை ஒரு கூழைக்கடா விழுங்கியதையும், பிறகு மழை தூறியபோது குடை அதன் தொண்டைப் பைக்குள் தானாகவே விரிந்ததையும் நான் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் சட்டம் வந்துவிட்டது.

எழுபத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், ஊரெல்லாம் பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம், சங்கம் குச்சவெளிக்குச் சுற்றுலா போக முடிவு செய்தது. சரீபின் ராத்தா, மூத்த சகோதரி, உம்மு குல்சும் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. புறப்படுமுன் மாஸ்டர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இந்தப் பயணத்தில் சாட்சி இல்லாத கதை ஒன்று சொன்னால், மற்ற மூவரும் கை தூக்கினால், லாபிருக்குச் சங்கம் இல்லை. சரீப் தலையாட்டினார். நான் சத்தியம் பண்ணினேன். உண்மையாகவே பயந்துதான் பண்ணினேன். அந்த மூன்று பேரும் இல்லாவிட்டால் இனி என் கதையைக் கோழிகளுக்குத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கோழிகளும் ஸுல்பிகாவின் கட்சி.

புல்மோட்டை பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மாஸ்டர் மச்சம் தின்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அந்தத் தைப்பூசத்தோடு அவர் மீனும் இறைச்சியும் விட்டிருந்தார். பறவையை நேசிக்கிறவன் ஓர் உயிரையும் தின்னக் கூடாது, அதையும் சங்கச் சட்டமாக்க வேண்டும் என்றார். மீன்கூடையோடு பக்கத்தில் இருந்த மனிதர் எழும்பிப் பின் ஆசனத்துக்குப் போனார். உம்மு குல்சும் இதையெல்லாம் முன்கூட்டியே அறிந்து, மாஸ்டருக்கென்று தனி அடுப்பு மூட்டித் தனிப் பானையில் பூசணிக்காய்க் கறி வைத்திருந்தார்.

அடுத்த நாள் காலை களப்புக்குப் போய் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். சரீபும் புஷ்பவதியும் பூநாரைகளைத் தேடி உப்பளப் பக்கம் நடந்தார்கள். தூரக்கண்ணாடி அன்று மாஸ்டரின் முறை. அவர் அதை மாட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். அங்கே மீனவர்களின் வாடி ஒன்று, ஓலையால் வேய்ந்த கொட்டில், புகைந்துகொண்டிருந்தது. எனக்கு வாய்த்தது ஒரு கண்டல் பற்றை.

கரையில் நிற்கிறவனிடம் பறவை வராது. ஆகவே தண்ணீரில் இறங்கிக் கழுத்தளவுக்குக் குந்தினேன். துவாயைத் தலையில் சுற்றி, அதில் கண்டல் கொப்புகளைச் செருகிக்கொண்டேன். பிறகு அசையவில்லை. ஒரு முதலை வந்து, என்னை மரம் என்று நினைத்து, முதுகை என்மேல் தேய்த்துவிட்டுப் போனது. இதைச் சங்கத்துக்குச் சொல்லவில்லை. சத்தியம் இருக்கிறதே.

அதன் பிறகுதான் நாரை வந்தது. முதலில் நிழல், பிறகு காற்று, பிறகு தலையில் பாரம். விரல்கள் துவாயை இறுக்கிப் பிடித்தன. நான் மூச்சை அடக்கினேன். முப்பது வருடம் அரசாங்கத்துக்கு வேலை செய்தும் இவ்வளவு நம்பிக்கையை யாரும் என்மேல் வைத்ததில்லை. நாரை என் நெற்றிக்கு மேலாகக் குனிந்தது, கழுத்தை நீட்டியது, தண்ணீரில் ஒரே குத்து. மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கரையேறியபோது ஒருவரையும் காணவில்லை. சாட்சி இல்லை. எனவே நடக்கவில்லை. வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு வீட்டுக்கு நடந்தேன். மத்தியானம் சோற்றில் கை வைத்தேன். கதை சோற்றை முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

புஷ்பவதி சிரித்துப் புரைக்கேறினாள். நாரை பல்லுக்குத்தவும் ஈர்க்குக் கேட்டதோ என்று விசாரித்தாள். சரீப் சிரிக்கவில்லை. தீர்மானம் இருக்கிறது, என்ன செய்வது என்று முணுமுணுத்தார். மாஸ்டரின் தட்டில் பூசணிக்காய் வைத்தபடியே இருந்தது.

"என்ன மாஸ்டர், கறி சரியில்லையா?" என்று கேட்டார் உம்மு குல்சும்.

பசி இல்லை என்றார் மாஸ்டர்.

சரீப் என்னைப் பாராமல் கையை உயர்த்தினார். புஷ்பவதியும் உயர்த்தினாள். சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போயிருந்தது. மாஸ்டரின் கை தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"மாஸ்டர், நீங்கள்தானே இதைக் கொண்டுவந்தனீங்கள்," என்றாள் புஷ்பவதி. "கை தூக்கேல்லையே?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். போகிற மனிதன் எதற்குக் கஞ்சத்தனம் பண்ண வேண்டும்? கடைசித் தடவையாக அந்தக் கதையை விரித்துச் சொன்னேன். இம்முறை மீன் என் கை நீளக் கொடுவாவாக வளர்ந்தது. அது துடித்த துடிப்பில் களப்பு கரை கடந்தது. நாரை அதை விழுங்கிவிட்டு என் இடது காதில் அலகைத் துடைத்தது.

"கொடுவா இல்லை," என்றார் மாஸ்டர்.

சரீப் நிமிர்ந்து பார்த்தார்.

"திரளிக் குஞ்சு. விரல் நீளமும் வராது. துடைச்சது வலது காதில. நாரை கொப்பில அலகு தீட்டுறது வழக்கம், உம்மடை காதைக் கொப்பெண்டு நினைச்சிருக்கு. ஏன் காணும், உள்ளதையும் சொல்லிக் கெடுக்கிறீர்?"

புஷ்பவதி கையை இறக்காமலே அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கள் எங்கை நிண்டு பாத்தனீங்கள்?"

"வாடியில."

"வாடியில என்ன அலுவல்?"

மாஸ்டர் பூசணிக்காயைப் பார்த்தார். பஸ்ஸில் வந்த பேச்சு முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. அலுவல் ஒன்றும் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருடைய விரதம் அவருக்கு, சங்கம் அவருக்கு. முதலிலேயே கையைத் தூக்கியிருந்தால் அந்தச் சொல்லும் தேவையில்லை.

"மீன் பொரிச்சாங்கள்," என்றார். "மணம் இழுத்துப்போட்டுது. ஒரு கையில பொரியல், மற்றக் கையில கண்ணாடி. திண்டுகொண்டுதான் பாத்தனான்."

உம்மு குல்சும் பூசணிக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சரீப் கையை இறக்கினார். புஷ்பவதி மட்டும் விடவில்லை. தந்திக்காரி, சொல் முழுமையாக வந்து சேராமல் விடமாட்டாள்.

"அப்ப, லாபிர் நானா சொன்னது?"

மாஸ்டர் என்னை ஒரு தரம் முறைத்தார். பிழையான விடை எழுதிய மாணவனுக்குப் புள்ளி போட வேண்டி வந்த வாத்தியாரின் முகம்.

"நடந்தது," என்றார். "நாரை லாபிரின்ரை தலையில நிண்டு மீன் பிடிச்சது. ஓம், நான் கண்டனான்."