பூட்டிய வீட்டின் இருபத்தொரு யூனிட்

கமலாவின் கிரைண்டரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் புருஷன் பாலகிருஷ்ணன். இன்னொருவர் பக்கத்து வீட்டு அம்பலவாணர். கிரைண்டருக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நம் வீடுகளில் நடக்காத அதிசயமா இது!

ஜூரோங்கில் இருபது வருடம் உழைத்த தொழிற்சாலை மூடப்பட்டபோது, கையில் கிடைத்த பணத்தில் கமலா வாங்கிய கிரைண்டர் அது. தேக்கா சந்தைக்குப் போய் அரிசியும் உளுந்தும் வாங்கி வந்து, சுவா சூ காங் எட்டாவது மாடி வீட்டில் இட்லி மாவு அரைத்து, அக்கம்பக்கத்து அடுக்குமாடி புளோக்குகளுக்கு விற்றாள். ஒன்றரை வருடத்தில் நாற்பது வீடுகள் சேர்ந்தன. லிஃப்டில் ஏறினால் யாராவது ஒருவர், "நேத்து இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சுக்கா" என்பார். தொழிற்சாலையில் இருபது வருடத்தில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

கெட்ட நேரம் ஜைரோ வழியாக வந்தது. மின்கட்டணம் மாதாமாதம் பாலகிருஷ்ணனின் வங்கிக் கணக்கிலிருந்து ஜைரோ முறையில் தானாகவே கழிந்துவிடும். தானாகப் போகிற காசை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஒரு மாதம் கணக்கில் பணம் பற்றாமல் ஜைரோ திரும்பிவிட்டது. அப்போதுதான் மனிதர் பழைய பில்களையெல்லாம் கைப்பேசியில் திறந்தார். நூறு வெள்ளிக்குள் அடங்கிக் கிடந்த பில், கமலா மாவு அரைக்க ஆரம்பித்த அதே மாதத்திலிருந்து முந்நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"உன் கிரைண்டர் கரண்டக் குடிக்குது கமலா."

"ரெண்டு மணி நேரம் ஓடுற கிரைண்டர் அவ்வளவா குடிக்கும்?"

"பில்லு பொய் சொல்லுமா லா?"

அந்த நேரம் பார்த்து ஆலோசனை சொல்ல வந்தார் அம்பலவாணர். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. மின்சாரச் சிக்கனத்தில் அந்தப் புளோக்குக்கே குரு. மூன்று அறையிலும் ஏர்கான், கூடத்தில் ஆறடி மீன் தொட்டி, இருந்தும் கொஞ்ச காலமாக அவருடைய பில் எண்பது வெள்ளியைத் தாண்டுவதில்லை. எப்படி? பிளக்கைப் பிடுங்குவாராம். கைப்பேசி சார்ஜர், டிவி, மிக்ஸி என்று வேலை முடிந்ததும் ஒன்று விடாமல் பிடுங்கிவிடுவார். குடியிருப்பாளர் குழு அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் முக்கால் மணி நேரம் பேசினார்.

"நான் சொல்லுறன் தம்பி, அரவை மிசினெல்லாம் வீட்டுக்கு ஆகாது," என்றார் பாலகிருஷ்ணனிடம். "வித்துப்போட்டு நிம்மதியா இரும்."

பாலகிருஷ்ணன் அன்றைக்கே கிரைண்டரைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். பூன் லேயிலிருந்து சம்சுன்னிசா என்ற பெண், மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"அதுக்குள்ள ஆர்டரெல்லாம் முடிச்சுக்க," என்றார் பாலகிருஷ்ணன்.

கமலாவுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. கிரைண்டர் போனால் மாவு போகும், மாவு போனால் தேக்காவுக்குப் பஸ் ஏறக்கூடப் புருஷனிடம் கை நீட்ட வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

தொழிற்சாலையில் அவள் வேலையே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எண்களைப் பார்த்து எழுதுவதுதான். ஓர் எண் இடித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் அலமாரியைத் திறந்தாள். தன் வீட்டு எண் ஒட்டியிருந்த மீட்டரைப் பார்த்து, தினசரி நாட்காட்டியில் அன்று கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினாள். மாலை ஏழு மணிக்கு மறுபடியும். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் யூனிட்.

மாவு அரைத்த நாள், காலையிலிருந்து மறுநாள் காலை வரை இருபத்தெட்டு யூனிட். மறுநாளும் இருபத்தெட்டு. அமாவாசை விரதம், கிரைண்டர் பக்கமே போகவில்லை, அன்றைக்கு இருபத்தொன்பது!

"அரைச்சாலும் அரைக்காட்டியும் ஒரே கணக்கு வருதுங்க," என்றாள்.

"பாக்கத் தெரியாம பாத்திருப்ப," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார் அவர். இருபது வருடம் எண் பார்த்தவளிடம்! கமலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஜோகூரில் ஒரு கல்யாணம். மாவு முழுவதும் சனிக்கிழமையே விற்றுத் தீர்ந்துவிட்டதால் குளிர்பெட்டியும் காலி. கமலா கடைசி ஆளாக வெளியே வந்தாள். வருமுன் யாருக்கும் தெரியாமல் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். காலை ஏழு மணிக்கு மீட்டரைப் பார்த்து எழுதினாள். மாலை ஏழு மணிக்குப் பட்டுச்சேலை கசங்கத் திரும்பி வந்ததும் நேராக மீட்டரிடம்தான் போனாள்.

இருபத்தொரு யூனிட் ஏறியிருந்தது.

பூட்டிய வீட்டுக்குள் யார் உட்கார்ந்து இட்லி சுட்டது? பேயா, பிசாசா?

திங்கட்கிழமை பாலகிருஷ்ணன் கிளம்பிப் போனதும் கமலா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். மெயினை இறக்கினாள். ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தாள். அவள் வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அம்பலவாணர் வீட்டு மீட்டர். அதன் விளக்கு அசைவில்லாமல் கிடந்தது. வீட்டுக்கு ஓடி மெயினை ஏற்றி, கிரைண்டரையும் ஓடவிட்டு வந்து பார்த்தாள். அம்பலவாணர் மீட்டருக்கு உயிர் வந்திருந்தது. மறுபடி இறக்கினாள், நின்றது. ஏற்றினாள், சிமிட்டியது. மூன்று முறை!

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானா? கமலா படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். நாயோடு வந்த ஒரு சீனப் பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு வேகமாக லிஃப்டுக்குள் போய்விட்டார்.

புருஷனிடம் சொன்னால் பாக்கத் தெரியாம பாத்திருப்ப என்பார். அதனால் மீட்டர் நிறுவனத்துக்கே போன் போட்டாள். சனிக்கிழமை பத்தரை மணிக்குத்தான் ஆள் வர முடியும் என்றார்கள். கிரைண்டரை எடுக்க வருவதும் அதே சனிக்கிழமை பதினொன்றுக்கு. அரை மணி நேரம் போதும் என்றாள் கமலா.

சனிக்கிழமை மாவு வாங்கும் நாள். தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் டப்பாவோடு நின்றார்கள். சொன்ன நேரத்துக்குக் கருவிப் பெட்டியோடு வந்தார் அப்துல் காதர் என்ற மீட்டர்காரர்.

"இவர யாரு கூப்பிட்டது?" என்றார் பாலகிருஷ்ணன்.

"நான்தான்," என்றாள் கமலா.

சத்தம் கேட்டு அம்பலவாணரும் வெளியே வந்தார். கமலா நாட்காட்டித் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தாள். பூட்டிய வீட்டு ஞாயிறு வந்ததும் பாலகிருஷ்ணன் நெற்றியைச் சுருக்கினார். அப்துல் காதர் அவள் வீட்டு மெயினை இறக்கச் சொன்னார். இறக்கினாள். அவள் மீட்டர் நிற்காமல் சிமிட்டியது.

"லீக்கேஜ்! நான் அப்பவே நினைச்சனான்," என்றார் அம்பலவாணர்.

"ஐயா, இப்ப உங்க வீட்டு மெயின இறக்குங்க," என்றார் அப்துல் காதர்.

"என்ர வீட்டு மெயின் எதுக்கு?"

"சும்மா ஒரு நிமிஷம்யா."

அவர் முனகிக்கொண்டே உள்ளே போனார். மூன்று ஏர்கான்களின் இரைச்சல் அடங்கியது. மீன் தொட்டியின் களகளச் சத்தமும் நின்றது. கமலா வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு, மூன்று வாரமாக அவளைக் குற்றவாளியாக்கிய அந்த விளக்கு, பட்டென்று நின்றது.

"புளோக்குக்குப் பெயிண்ட் அடிச்சப்ப வீட்டு நம்பர் ஸ்டிக்கர யாரோ உரிச்சு மாத்தி ஒட்டிட்டாங்க," என்றார் அப்துல் காதர். "அப்புறம் புது மீட்டர் போட்டவங்க ஸ்டிக்கரப் பாத்தே பதிஞ்சிருக்காங்க. ஒன்றரை வருஷமா நீங்க ரெண்டு வீடும் பில்ல மாத்திக் கட்டியிருக்கீங்க. சரி பண்ணிக் குடுத்துடுவாங்க."

"அப்ப அந்த எண்பது வெள்ளி?" என்று கேட்டார் பாலகிருஷ்ணன்.

"உங்க வீட்டு பில்லுதான் சார். கிரைண்டரோட சேத்து."

வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். "அப்ப சிக்கனத் திலகம் நம்ம கமலா அக்காதான் லா! சான்றிதழ இங்க குடுங்க அங்கிள்!"

தாழ்வாரமே சிரித்தது. பூனை போவதைப் பார்த்தவர் யானை போவதைப் பார்க்கவில்லை. அம்பலவாணர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "பிளக்கெல்லாம் பிடுங்கினனே, பிள்ளை," என்றார்.

"பிடுங்கினீங்க அங்கிள். ஏர்கான மட்டும் விட்டுட்டீங்க." சொன்ன பிறகு கமலாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் கொஞ்சம்தான்.

அப்போது லிஃப்ட் திறந்தது. தள்ளுவண்டியோடு சம்சுன்னிசா இறங்கினாள். "கிரைண்டர் விக்கிற வீடு இதுதானே?"

எல்லாக் கண்களும் பாலகிருஷ்ணன் மேல் திரும்பின. அவர் கமலாவைப் பார்த்தார். இதை அவரே சொல்லட்டும் என்று அவள் நின்றாள்.

"விக்கலம்மா," என்றார் அவர். "தப்புப் பண்ணிட்டேன். இது என்னோடது இல்ல. என் வீட்டுக்காரியோடது. மன்னிச்சுக்குங்க."

பூன் லேயிலிருந்து வீணாக வந்தவளுக்குக் கமலா இரண்டு டப்பா மாவைக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டாள். பாலகிருஷ்ணன் அருகில் வந்து, "கமலா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசலாம்ங்க," என்று கையைக் காட்டிவிட்டு அவள் அப்துல் காதர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த பில்லு இனிமே என் பேர்ல வரணும். ஜைரோவும் என் கணக்குலேர்ந்தே போகட்டும். அதுக்கு என்ன செய்யணும்?"

"போன்லயே விண்ணப்பம் போட்டுடலாம். சார் ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

வரிசையில் நின்றவர்கள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் மாவுக்கு அவசரப்படவில்லை. கமலா விண்ணப்பத்தை நிரப்பி, கைப்பேசியைப் புருஷனிடம் நீட்டினாள்.

பாலகிருஷ்ணன் திரையைத் தொட்டு ஒத்துக்கொண்டார்.