துரையின் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. பூனைக்குக் காதில் புண் என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் போய்க் காத்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஒரு பெண், மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். பக்கத்திலிருந்த வயதான அம்மாள், “மூச்சு இருக்கா?” என்று கேட்டார். “இருக்கு அத்தை” என்றாள். உள்ளே கூப்பிட்டார்கள். போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முழுக்கத் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

(மூடி தூக்கியபோது நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆக்சலாட்டில். பல்லி போல உடம்பு, ஆனால் தண்ணீரை விட்டு வெளியே வராது. தலையின் இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள்கள். யாரோ எப்போதோ சொன்ன ஜோக்குக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது போல ஒரு வாய்.)

2

தொடக்கம் அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: “மருமகள் பல் செட் செய்கிறவள், மாமியார் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுகிறவர்.” விடுகதை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். பிறகு: “தொட்டியில் தண்ணீர் இவ்வளவு தெளிவாக என்றைக்கும் இருந்ததில்லை, அதனால்தான் —” இது கதையின் குட்டை வாசலிலேயே உடைக்கிறது. பாதியில் நிற்கட்டும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. காலையில் போய் உட்கார்ந்தால், முன்பின் பார்த்திராத வாய்களுக்கு மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் வரிசை கட்டுவாள். கணவன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். சில மாதம் வீடு, பல மாதம் கடல். துரையை வாங்கி வந்தவன் அவன்தான். பெயர் வைத்தவனும் அவன்தான். நாள் முழுக்க ஒரு துரும்பையும் நகர்த்தாமல் படுத்திருந்துவிட்டு, புழு மட்டும் வாய்க்கு நேரே வரவேண்டும் என்று காத்திருக்கிற பிராணியை வேறு என்னவென்று கூப்பிடுவது? கடைசியாகக் கிளம்பும்போது, “துரையைப் பாத்துக்கோ” என்றான். செருப்பு மாட்டிக்கொண்டு, “அம்மாவையும்” என்றான். அந்த வரிசையை அவள் மறக்கவில்லை.

அம்மா என்றால் அவளுக்கு அத்தை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏற முடியாமல், தன் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு வந்தவர். வந்த வாரமே ஜன்னல் கம்பிகள் மின்ன ஆரம்பித்தன. மருமகளுக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் இல்லை. அத்தை சமையலறைக்குள் வந்தால், “நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்” என்பாள். துணி மடிக்க எடுத்தால் அதே. விளக்குமாற்றைத் தொட்டால் அதே. வாய் நிறைய மரியாதை. அந்த மரியாதையிலேயே அத்தையை ஒவ்வொரு அறையாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

(இங்கே அவளைக் கெட்டவளாக்கிவிட்டேனோ? இல்லை. வேலையிலிருந்து களைத்து வருகிறவள், வைத்த கரண்டி வைத்த இடத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறாள். நானும் அப்படித்தான். நீங்களும்.)

3

தொட்டியில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மருமகள் வேலைக்குப் போன பிறகு அத்தை அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஃபில்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்ச், பழுப்பாக, கொழகொழவென்று. “ஐயோ, இந்த அழுக்குலயா நீ இருக்க?” என்றார் துரையிடம். துரை சிரித்த வாயோடு கிடந்தது.

ஸ்பாஞ்சைச் சுடுதண்ணீர்க் குழாயில் பிடித்து, வடிகிற தண்ணீர் தெளியும்வரை பிழிந்தார். கண்ணாடியை உள்ளும் புறமும் தேய்த்தார். பழைய தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றிவிட்டு, குழாயிலிருந்து புதிதாக நிரப்பினார். முழங்கால் கெஞ்சியது. கேட்கவில்லை.

சாயங்காலம் மருமகள் வந்து, “பளிச்சுன்னு இருக்கே!” என்றாள்.

“தொடச்சேன்” என்றார் அத்தை. அது பொய்யில்லை. கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று இவள் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் இன்னொருவரின் வேலையைப் பாராட்டியிருந்தார். அத்தை அன்று நன்றாகத் தூங்கினார்.

(அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை, கதைக்கு வெளியே நின்று. துரை கழிப்பதிலிருந்து தண்ணீரில் அம்மோனியா ஊறும். அது விஷம். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அந்த விஷத்தைத் தின்று முறிக்கின்றன. அந்தக் கொழகொழப்பு அவற்றின் ஊர். சுடுதண்ணீர் ஊரையே அழித்தது. குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரின், மிச்சம் மீதி இருந்தவற்றையும் முடித்துவைத்தது.)

அந்த வாரமே துரை புழுவைக் கவ்வி, துப்பியது. பிறகு கவ்வவே இல்லை. இறகு போல விரிந்திருந்த செவுள்கள் முன்பக்கமாக மடங்கின. வால் நுனி கொக்கிபோல வளைந்தது. வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் மருமகள் போனில் கேட்டாள். “தொட்டித் தண்ணி சூடா இருக்கும்மா, அதுக்கு ஆகாது. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஐஸாக்கி, தொட்டியில மெதக்க விடுங்க” என்றார். விட்டாள். தண்ணீர்தான் குளிர்ந்தது. ஒரு நாள் காலையில் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. கூடத்தில் லீவு சொன்னாள். தொட்டித் தண்ணீரோடு துரையை டப்பாவுக்கு மாற்றினாள். “நானும் வரேன்” என்றார் அத்தை. இந்த ஒரு முறை, “நீங்க உக்காருங்க” என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

4

டாக்டரம்மா முதலில் துரையைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து மருந்துச் சொட்டு விட்டார். மெல்ல மெல்லப் பச்சை ஏறியது.

“மஞ்சளா நிக்கணும். இது அம்மோனியா” என்றார். “உடம்பெல்லாம் எரிஞ்சிட்டிருக்கும் பாவம். சிரிக்கிற மாதிரி இருக்கேன்னு பாக்காதீங்க, அதோட வாய் அமைப்பே அப்படித்தான். புதுத் தொட்டியா?”

“இல்ல டாக்டர். ரெண்டு வருஷமா ஓடுது.”

“அப்போ யாராவது ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா? குழாய்த் தண்ணியில?”

பளிச்சென்ற தொட்டி அவள் கண் முன்னால் வந்து நின்றது. தொடச்சேன் என்ற குரலும் வந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதடு லேசாகத் திறந்திருந்தது.

“நான்தான் டாக்டர்” என்றாள் மருமகள். “தெரியாம கழுவிட்டேன்.”

(இந்த இடத்தில் என் பாத்திரத்தை நான் நம்பவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், வருடக்கணக்காக ஓசையில்லாமல் நடந்த சண்டையில் அவளுக்கு வெற்றி. ஏன் விட்டாள்? இரக்கத்தால் என்று எழுதி அடித்தேன். அவள் அப்படி இளகுகிறவள் அல்ல. வெளியாள் முன்னால் குடும்ப மானம் என்று எழுதினேன், பொருந்தியது, பிடிக்கவில்லை. அவளே யோசிக்காமல் — இதையும் முடிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அது நல்ல காரியம் என்றுதான் அவள் நினைத்தாள்.)

தொட்டி சரியாகும்வரை துரை ஒரு டப்பில் இருக்கட்டும், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்றுங்கள், பூஞ்சைக்குக் கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் விட்டு எடுங்கள் என்று டாக்டரம்மா அளவெல்லாம் சொன்னார். “பிழைக்குமா?” என்று கேட்டது அத்தை. “எப்படி வேணா போகலாம்மா” என்றார் டாக்டரம்மா.

5

பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை. நன்றி சொல்லுவார் என்று இவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு பார்வையாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

“எதுக்கு அப்படிச் சொன்ன?” என்றார் அத்தை, ஜன்னலைப் பார்த்தபடியே.

“விடுங்க அத்தை. யார் கழுவினா என்ன? நான் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கறேன், பாத்துக்கறேன்!” முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அத்தை குரலைத் தணிக்கவில்லை. “சமையல நீ பாத்துக்கற. துணிய நீ பாத்துக்கற. நான் பண்ணின தப்பையும் நீயே எடுத்துக்குவியா? அதாவது எனக்குன்னு இருக்கக்கூடாதா?”

மருமகளுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. காப்பாற்றப் போனவள் திருடியைப் போல உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் தண்ணீர் தளும்பியது. இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் மூடியை அழுத்தின. யாரும் கையை எடுக்கவில்லை.

6

மறுநாளிலிருந்து தண்ணீர் அத்தையின் வேலை. மருமகள் கொடுக்கவில்லை, அத்தை எடுத்துக்கொண்டார். குளோரின் நீக்கும் சொட்டை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அளந்தார். வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுக் குளிர்ச்சி பார்த்தார். “கழுவட்டுமா?” என்று ஃபில்டரைக் காட்டிக் கேட்டபோது மருமகள் பதறித் திரும்ப, “சும்மா கேட்டேன்டி” என்றார். அந்த வீட்டில் அத்தை அவளை ‘டி’ போட்டது அதுதான் முதல் தடவை. உரிமையா, எரிச்சலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது.

துரை இன்னும் சாப்பிடவில்லை. செவுளில் பஞ்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அதோடு செவுளும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

7

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் துரை செத்துப்போகிறது, இரண்டு பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள். அழுகை மலிவு, வேண்டாம். இன்னொன்றில் செவுள் திரும்ப முளைக்கிறது. அது பொய்யுமில்லை, இழந்த உறுப்பை வளர்த்துக்கொள்கிற பிராணிதான் இது. ஆனால் எழுதுகிறவனுக்கு இயற்கையே விரித்த வலை அது. உறவும் அப்படியே முளைத்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கை அரிக்கிறது. எழுத மாட்டேன். துரையின் உயிரை உங்கள் பொறுப்பில் விடுகிறேன். நாளைக்கும் தண்ணீர் மாற்றவேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி இது. ஞாயிற்றுக்கிழமை. மருமகள் தரையில் உட்கார்ந்து, துரையை இரண்டு கையாலும் புதுத் தண்ணீருக்குள் ஏந்தியிருக்கிறாள். அத்தை பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறார். போன் அடிக்கிறது. கப்பலிலிருந்து கணவன், வீடியோவில். துரையைக் காட்டச் சொல்லித்தான் எப்போதும் ஆரம்பிப்பான்.

“நான் பா —” என்று ஆரம்பித்த மருமகள் நிறுத்திக்கொண்டாள்.

அத்தை கையைத் துடைத்தார். போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“துரைக்கு உடம்பு சரியில்லடா” என்றார். “நான்தான் —”

வாக்கியத்தின் மீதி எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன், அது அவர் சொல்லவேண்டியது. மருமகள் கையை அசைக்காமல், தலை குனிந்து, கேட்டுக்கொண்டிருக்கிறாள்.