சேவைக்கு மூன்று மார்க்

சூப்பை வைக்கும்போதே அந்த சர்வரின் கை நடுங்கியதை ஸ்வர்ணலதா பார்த்துவிட்டாள். கோப்பைக்கும் சாஸருக்கும் நடுவே சின்னதாக ஒரு கடகடப்பு. அடுத்த நொடி தக்காளி சூப் விளிம்பைத் தாண்டி வழிந்து, வெள்ளை மேஜை விரிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக இறங்கியது.

சர்வர் மன்னிப்புக் கேட்டு, மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்து கறையை மூடினார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்பு 'போ' டை, சட்டையில் 'ஜவஹர்' என்று பித்தளை பேட்ஜ்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவர் முத்துகிருஷ்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மனிதர் கத்தினால் அத்தோடு போச்சு. பேசாமல் இருந்தால் மனசுக்குள் குறித்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். பதினெட்டு வருஷம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவர். இருநூறுக்கு எழுபது வாங்கினால் பாஸ். அறுபத்தொன்பதில் ஒரு பையன் நின்றால் மற்ற வாத்தியார்கள் தாளைப் புரட்டிப் புரட்டி எங்கேயாவது ஒரு மார்க்கைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். முத்துகிருஷ்ணன் கூட்டிப் பார்ப்பார், சரியாக இருந்தால் மூடி வைத்துவிடுவார். விடைத்தாள் திருத்தும் முகாமில் அவருக்குக் 'கத்தி' என்று பெயர். அதைப் பெருமையாகவே வீட்டில் வந்து சொன்னார்.

அன்றைக்கு அவர்களுக்குக் கல்யாண நாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் குருபிரசாத், பாண்டி பஜார் பக்கம் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. ரெஸ்டாரண்டில் மதியச் சாப்பாட்டுக்கு போனிலேயே மேஜை பிடித்துக் கொடுத்திருந்தான். வெளியே ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்த, உள்ளே சாயங்காலம் மாதிரி மங்கல் வெளிச்சம். கல்யாண ஆல்பம் கனத்துக்கு மெனு. கைக்குட்டையை விசிறியாக மடித்து கிளாஸில் சொருகியிருந்தார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. பேபி கார்ன் வறுவல் மொறுமொறுவென்று இருந்தது. நவரத்ன குருமாவை அவள் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். ஆனால் ரொட்டி கேட்டதற்குப் புலாவ் வந்தது. தண்ணீரை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. பரிமாறும் கரண்டி ஒரு தடவை கை நழுவித் தரையில் விழுந்தது. மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விரல் கழுவக் கிண்ணத்தில் வெந்நீர் வரும் என்று தெரியாமல் ஸ்வர்ணலதா வாஷ்பேஸினைத் தேடிப் போனாள். ஜவஹர் பின்னாலேயே வந்துவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பித்து, அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார். கடைசியில் ஓர் அட்டை தருவார்கள். சாப்பாடு, சேவை, சுத்தம், அலங்காரம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். சேவைக் கட்டத்தில் ஒரே மாசத்தில் மூன்று தடவை ஐந்துக்குக் கீழே வாங்கினால் அந்த சர்வர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த மாசம் அவருக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது.

"மஞ்சக்காமாலை வந்து எந்திரிச்சதுலேர்ந்து கை இப்டித்தாம்மா கீது" என்றார். அதுவரை பேசிய ஹோட்டல் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. "சார் கைல சொல்லுங்கம்மா. பத்து வேணாம். அஞ்சு போட்டா போதும்."

சொல்கிறேன் என்று ஸ்வர்ணலதா தலையாட்டினாள். தன்னால் முடியுமா என்று யோசிக்கும் முன்பே தலை ஆடிவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது அட்டை மேஜைக்கு வந்திருந்தது. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். மார்க்குக்காக வீடு தேடி வரும் அப்பா அம்மாக்களிடம் கேட்பதைப் போலவே முத்துகிருஷ்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சூப்பு கொட்டிச்சா இல்லையா?"

"கொட்டிச்சு."

"கேட்டது வந்துச்சா?"

"ரெண்டாவது தடவை வந்துச்சு. ஏங்க, அஞ்சுதானே கேக்கறார்."

"பக்கத்து டேபிள்ல ஒருத்தன் ஒழுங்கா வேலை செய்யறான் பாரு லதா. இவருக்கு அஞ்சு போட்டா அவனுக்கு நான் எவ்வளவு போடறது?"

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. சாப்பாட்டுக்கு எட்டு. சுத்தத்துக்கு ஒன்பது. அலங்காரத்துக்கு ஏழு. சேவைக் கட்டத்தின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. இரண்டுதான் போட நினைத்ததாகவும், மரியாதையாக நடந்துகொண்டதற்காக ஒன்று கூட்டுவதாகவும் சொல்லிவிட்டு மூன்று என்று எழுதினார்.

அட்டையைப் பிடுங்கியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து அவள் எதையும் பிடுங்கியதில்லை. அவள் கை மேஜை மேல் உப்புக் குப்பி வரை போனது. அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார்.

டை கட்டிய சின்ன வயசுக்காரர். அட்டையைப் படித்ததும், இதற்குத்தான் காத்திருந்தேன் என்பது போல முகம் மலர்ந்தது. மனசில் பட்டதை எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு என்று முத்துகிருஷ்ணனுக்கு நன்றி சொன்னார். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு விரலை அசைத்து ஜவஹரைக் கூப்பிட்டார்.

ஆறடி தள்ளி, தூண் ஓரமாகவே நடந்தது. சத்தம் இல்லை. ஜவஹர் 'போ' டையைக் கழற்றிக் கொடுத்தார். பேட்ஜைக் கழற்றத்தான் நேரம் ஆயிற்று. ஊசிக் கொக்கி நடுங்குகிற விரலுக்குச் சிக்கவில்லை. மேனேஜர் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றார்.

முத்துகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். விடைத்தாளில் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். கட்டுக் கட்டாக வரும், கட்டுக் கட்டாகப் போகும். அறுபத்தொன்பதுக்கு ஒரு முகம் இருந்து அவர் பார்த்ததே இல்லை.

எழுந்து போய் மேனேஜரிடம் பேசினார். ஸ்வர்ணலதாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"கூட்டிப் பாருங்க சார். எட்டு, மூணு, ஒம்பது, ஏழு. இருபத்தேழு வருது. சராசரி ஆறே முக்கால். அஞ்சுக்கு மேலதானே?"

"அது ஹோட்டலுக்கு சார். சர்வருக்கு அந்த ஒரு கட்டம்தான்" என்றார் மேனேஜர். "ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா பாஸாகணும்."

இதே வார்த்தையை அவள் தன் வீட்டு ஹாலில் எத்தனையோ தடவை, கணவர் குரலில் கேட்டிருக்கிறாள்.

அட்டையைக் கொடுங்கள், திருத்தித் தருகிறேன் என்றார் முத்துகிருஷ்ணன். கல்யாண நாளும் அதுவுமாக இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ள வேண்டாம், ஹோட்டல் சார்பில் கேக் வருகிறது என்று சொல்லிவிட்டு மேனேஜர் நகர்ந்தார்.

கேக்கும் வந்தது. வேறு ஒரு சர்வர், இளைஞன், ஓசைப்படாமல் தட்டை வைத்துவிட்டுப் போனான். முத்துகிருஷ்ணன் தொடவில்லை.

"சாப்பிடுங்க" என்றாள் ஸ்வர்ணலதா. "கை நடுங்காம கொண்டாந்து வெச்சிருக்கான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

பஸ் ஸ்டாப்பில் ஜவஹர் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட சட்டைக்கு மாறியிருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. இவர்களைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து பெஞ்சில் இடம் விட்டார்.

முத்துகிருஷ்ணன் உட்காரவில்லை. "நான் இருந்ததைத்தான் எழுதினேன்" என்றார் கடைசியில்.

"தெரியும் சார். கொட்டுனது நாந்தானே."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஸ்வர்ணலதாவுக்குத் தோன்றியது. வீடு எங்கே என்று கேட்டாள். திருவான்மியூர் என்றார். சொல்லி வாய் மூடும் முன் திருவான்மியூர் பஸ் வந்தது. நின்றது, ஆட்கள் ஏறினார்கள், கிளம்பிப் போயிற்று. ஜவஹர் அசையவில்லை.

"உங்க பஸ் போகுதே?"

"மணி மூணு கூட ஆவலமா. இப்பப் போனா வூட்ல இன்னா சீக்கிரம்னு கேப்பாங்க" என்றார் ஜவஹர். "டூட்டி பத்து மணி வரைக்கும்."

மறுபடி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

மந்தைவெளி பஸ் வந்தது. ஸ்வர்ணலதா முன்பக்கமாக ஏறி, ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பின்பக்கம் திரும்பித் தேடினாள். அவர் ஏறவில்லை. வெளியே எட்டிப் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம். 

கண்டக்டர் விசில் கொடுத்தான். இறங்க நேரம் இருந்தது. அவளுக்கு இறங்கத் தோன்றவில்லை. பத்து மணி வரை உட்காரட்டும் என்று நினைத்துக்கொண்டு, மந்தைவெளிக்கு ஒரே ஒரு டிக்கெட் வாங்கினாள்.