பட்டைக்கு மேலே ஒரு முகம்

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெண்மணி செய்தித்தாளை மடித்து, "புது சீரியல் வருது போல. பாப்பா முகத்தைப் பாரேன், பார்த்தாலே அழுகை வருது" என்று தோழியிடம் காட்டினாள். தான் என்ன செய்து தொலைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் லேஅவுட்காரிக்கு உறைத்தது.

அது சீரியல் இல்லை. அவளுடைய அக்கா மகள். வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் ஏழு வயதுக்காரி. முந்தின நாள் கடைத்தெருக் கூட்டத்தில் அம்மா கையை விட்டவள் இன்னும் கிடைக்கவில்லை.

லேஅவுட்காரி வேலை பார்ப்பது ஒரு டிவி சேனலின் விளம்பரப் பிரிவில். படமும் எழுத்தும் எங்கே எப்படி வரவேண்டும் என்று பக்கத்தை அமைப்பது அவள் வேலை. பாட்டுப் போட்டியோ சீரியலோ, பத்திரிகையில் அந்தச் சேனலின் விளம்பரம் எப்போதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். மூலைக்கு மூலை சாய்வாக ஓர் ஆரஞ்சுப் பட்டை. அதற்கு மேலே ஒரு முகம். பட்டைக்குள் வெள்ளை எழுத்தில் மனசைச் சுண்டி இழுக்கும் ஒரு கேள்வி. கீழே ஒளிபரப்பு நேரமும் சேனல் சின்னமும். "எழுத்தை எவனும் படிக்கவே வேணாம். பட்டையைப் பார்த்ததுமே நம்ம சேனல்னு தெரியணும்" என்று ஓதி ஓதியே மேலாளருக்குப் பட்டை சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. பட்டையின் சாய்வு ஒரு நூல் பிசகினாலும் மனுஷன் குதி குதியென்று குதிப்பார்.

அதற்காக அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. விஷயம் கேள்விப்பட்டதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் நமக்கு அரைப்பக்கம் இருக்கும்மா. சீரியலைத் தூக்கிட்டுப் பாப்பாவைப் போடு. பட்டை மட்டும் இருக்கட்டும். ஜனங்க கண்ணு தானா அங்கதான் போகும்" என்றார்.

அவளும் அப்படித்தான் நம்பினாள். வருஷக்கணக்காகப் பட்டை போட்டுப் பழகிய கை, அழுதுகொண்டே வேலை பார்த்தாலும் தடம் மாறுமா? முகத்தை மேலே வைத்தாள். 'எங்கே இந்தக் குழந்தை?' என்ற கேள்வியைப் பட்டைக்குள் வைத்தாள். 'இரவு எட்டு மணிக்கு' என்று வரும் இடத்தில் தன் கைபேசி எண்ணைப் போட்டாள். 'காணவில்லை' என்ற சொல் அடியில் பொடி எழுத்தில் போய் ஒதுங்கிக்கொண்டது. டிவி செய்திக்குக் கீழேயும் அதே பட்டையில்தான் ஓடவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் வினையாகிவிட்டது.

"அது சீரியல் இல்லைங்க. நிஜமாவே காணோம். என் அக்கா பொண்ணு" என்றாள் பெண்மணியிடம்.

பெண்மணி பேப்பரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அப்போ நீங்களும் இதுல நடிக்கிறீங்களா?"

பஸ்ஸில் ஏறியதிலிருந்து கைபேசி ஓயவில்லை. ஒருத்தர், இரவு எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று கேட்டார். இன்னொருத்தி, தன் மகளும் நன்றாக நடிப்பாள், சான்ஸ் கிடைக்குமா என்றாள். நடுவில் அக்கா கூப்பிட்டாள்.

"யாராச்சும் போன் பண்ணாங்களாடி?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா" என்றாள். பொய் இல்லை. அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று வைத்துவிட்டாள்.

அலுவலகப் படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் பட்டை சார் அறைக்குள் நுழைந்தபோது அடுத்த அழைப்பு வந்தது. அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சீரியல் ஆபீஸுங்களா? நான் பேக்கரி வெச்சிருக்கேன். உங்க பாப்பா காலைல எங்க கடைக்கு வந்துச்சு. என்னமா நடிக்குது! 'எங்க சித்திக்குப் போன் பண்ணுங்க ஆன்ட்டி'ன்னு சொல்லிச்சு பாருங்க, எனக்கே தொண்டை அடைச்சிடுச்சு. கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம். எங்க கடை பேரு சீரியல்ல வருமாங்க?"

"அவ எங்க? இப்ப எங்க இருக்கா?"

"உங்க ஆளு கூட்டிட்டுப் போனாரே."

"எந்த ஆளு?"

"தொப்பி போட்டவரு. வேடிக்கை பார்க்குற கூட்டத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. ஷூட்டிங்குக்கு நேரமாச்சுன்னு கையைப் புடிச்சாரு. பாப்பா வரமாட்டேன்னு உதறிச்சு. அதுவும் சீன்தான்னு நாங்க..." பேச்சு சட்டென்று நின்றது. "அம்மா, அவரு உங்க ஆளுதானே?"

பட்டை சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, கேக் கொடுத்திருப்பார்கள், கன்னத்தைக் கிள்ளியிருப்பார்கள் என்று நினைக்க நினைக்கத்தான் லேஅவுட்காரிக்குப் பயம் கூடியது. நல்லவர்களையெல்லாம் பார்வையாளர்களாக்கி உட்கார வைத்துவிட்டோமே!

"அந்த போட்டோவை அனுப்புங்க. உடனே அனுப்புங்க" என்று கத்தினாள்.

வந்தது. நடுவில் வாண்டு, வீங்கிய கண்களோடு. இரண்டு பக்கமும் சிரித்த முகங்கள். ஓரத்தில் தொப்பி. அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன், நம்பர் பலகையோடு. அதை அப்படியே போலீஸுக்கு அனுப்பினாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள். இன்னும் இரண்டு பேர் சீரியலுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவள் யாரையும் திட்டவில்லை.

பொழுது சாய்வதற்குள், ஒரு பெட்ரோல் பங்க்கில் வேனை மடக்கிவிட்டார்கள். தொப்பிக்காரனைப் பிடித்துவிட்டார்கள்.

காவல் நிலைய பெஞ்சில் ஒற்றைச் செருப்போடு வாண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பில் கீறல் இல்லை. அக்கா ஓடிப்போய் அவளை அள்ளி அணைத்து ஓவென்று அழுதாள். அம்மா என்று நினைத்து வேறு யாரோ ஒருத்தி பின்னால் பஸ் ஏறியது, கடைசி சீட்டில் தூங்கிப்போனது, காலையில் தெரியாத ஊரில் கண் விழித்தது எல்லாம் துண்டு துண்டாக வெளியே வந்தது.

லேஅவுட்காரி பக்கத்தில் மண்டியிட்டு அந்த ஒற்றைச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. சின்ன விரல் ஒன்று அவள் தோளைத் தட்டியது.

"சித்தி, நான் அழுதேன். ரொம்ப சத்தமா அழுதேன்."

"தெரியும்டா கண்ணு."

"எல்லாரும் கை தட்டினாங்க."